வீட்டிலேயே சுங்கான் புகையிலை கலப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சுங்கான் அல்லது பைப் புகைப்பவர்களில் சிலர், டப்பாவில் வரும் தயார்க் கலவைகளோடு நின்றுவிடாமல், தனித்தனி இலைகளை வாங்கித் தாங்களே கலந்து பார்க்க விரும்புகிறார்கள். நான் பல ஆண்டுகளாக அப்படிக் கலந்து வருவதை அறிந்தவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறேன்; கேள்விகளைக் கூடியவரை கேட்டவர்களின் சொற்களிலேயே விட்டிருக்கிறேன். விகிதத்தைப் பற்றிக் கேட்கப்பட்டவற்றில் பாதிக்குமேல், விசாரித்துப் பார்த்தால், ஈரத்தைப் பற்றியோ பொறுமையைப் பற்றியோ கேட்கப்பட்டவையாகவே இருந்தன. இது ஏற்கெனவே புகைக்கும் வயது வந்தவர்களுக்காக எழுதப்பட்டது. புகைக்காதவர்கள் இதற்காகத் தொடங்க வேண்டியதில்லை.

கலப்பது என்றால் பச்சை இலையிலிருந்து தொடங்க வேண்டுமா?

வேண்டாம். இலையைப் பறித்து, உலர்த்தி, பாடம் செய்து, காம்பு நீக்கி, வெட்டித் தரும் வேலைகள் அனைத்தும் முடிந்த பிறகே நமது வேலை தொடங்குகிறது. கலப்பதற்கென்றே ஒரே வகை இலையை மட்டும் வெட்டித் தனியாக விற்கிறார்கள். அவற்றை எந்த அளவில் சேர்ப்பது, எவ்வளவு நாள் சேர்ந்திருக்க விடுவது என்பதே வீட்டுக் கலவையின் முழு எல்லை. முழு இலையை வாங்கித் தாமே வெட்டுபவர்களும் உண்டு. ஆனால் அது தனிப் பயிற்சி, முதல் ஆண்டில் அதைத் தொட வேண்டாம் என்பது என் கருத்து.

எத்தனை வகை இலை வாங்கினால் போதும்? பெயர்களே குழப்புகின்றன.

பெயர்களில் சில ஊரைக் குறிக்கின்றன, சில பயிர் வகையைக் குறிக்கின்றன, சில பாடம் செய்யும் முறையைக் குறிக்கின்றன. குழப்பத்துக்கு அதுவே காரணம். பாடம் செய்யும் முறையைப் பிடித்துக்கொண்டால் மற்றவை தாமே தெளியும். வர்ஜீனியா, மூடிய கொட்டகையில் புகை படாமல் குழாய் வழியாகச் செலுத்தப்படும் வெப்பத்தில் சில நாட்களிலேயே உலர்த்தப்படுகிறது. அந்த வேகத்தால் இலையின் சர்க்கரை அழியாமல் நின்றுவிடுகிறது. அதன் இனிப்பும், வைக்கோலையும் எலுமிச்சையையும் நினைவூட்டும் மணமும் அங்கிருந்து வருபவை. 1839-இல் வட கரோலினாவின் காஸ்வெல் கவுண்டியில், அடிமையாக வைக்கப்பட்டிருந்த ஸ்டீபன் என்ற இளைஞர், அணையவிருந்த நெருப்பைக் கரியைப் போட்டு அவசரமாக மூட்டியபோது இலை மஞ்சளாக மாறியதே இம்முறையின் தொடக்கம் என்று சொல்லப்படுகிறது. பர்லி இதற்கு எதிர்த்திசையில் செல்கிறது. காற்றோட்டமான கொட்டகையில் வாரக்கணக்கில் மெல்ல உலர்வதால் அதன் சர்க்கரை ஏறக்குறைய முழுவதும் தீர்ந்து, கொட்டைகளையும் கோகோவையும் ஒத்த வறண்ட சுவை எஞ்சுகிறது. இன்று பயன்படும் வெள்ளை பர்லி 1864-இல் ஒஹாயோவில் கண்டறியப்பட்ட வகை.

ஓரியண்டல் எனப்படும் சிறிய இலைகள் வெயிலில் உலர்த்தப்படுபவை. இஸ்மிர், சாம்சூன், பஸ்மா, கட்டெரினி முதலிய பெயர்கள் அனைத்தும் இந்தக் குடும்பமே. காரம் குறைவு, நறுமணம் அதிகம். லட்டாக்கியாவும் அடிப்படையில் ஓரியண்டல் இலைதான். பைன், மஸ்தகி, மிர்ட்டில் முதலிய மரங்களும் செடிகளும் கனலும் புகையில் நெடுநாள் தொங்கவிட்டுக் கருமையாக்கப்படுகிறது. பெயர் சிரியாவின் துறைமுக நகரத்துடையது என்றாலும் இன்று கைக்குக் கிடைப்பது பெரும்பாலும் சைப்ரஸ் சரக்கு. டார்க் ஃபயர்டு கென்டக்கி கடின மரங்களின் புகையில் பாடம் செய்யப்படும் காரமான இலை. பெரிக், லூசியானாவின் செயின்ட் ஜேம்ஸ் பகுதியில் ஓக் பீப்பாய்களில் திருகு அழுத்தத்தின்கீழ் ஏறத்தாழ ஓராண்டு புளிக்க வைக்கப்படுவது. இடையிடையே பீப்பாயைத் திறந்து, இலையைக் காற்றாட விட்டு, மறுபடி அடுக்கி அழுத்துவார்கள். கருப்பு கேவண்டிஷ் ஒரு பயிர் அல்ல. வர்ஜீனியாவையோ பர்லியையோ நீராவியில் வேகவைத்து அழுத்திப் பெறுவது.

தொடங்குபவருக்கு நான்கு போதும்: வர்ஜீனியா, பர்லி, ஏதேனும் ஓர் ஓரியண்டல், இவற்றுடன் லட்டாக்கியா அல்லது பெரிக். முதல் மூன்றும் கலவையின் உடம்பு; நான்காவது அதன் மேல் தூவப்படுவது. வர்ஜீனியா 100 கிராம், பர்லி 100 கிராம், மற்றவை 50 கிராம் என்று வாங்கினால் பல மாதச் சோதனைகளுக்குப் போதுமானது.

கலப்பதற்கு முன் ஒவ்வொன்றையும் தனியாகப் புகைத்துப் பார்க்க வேண்டுமா?

கட்டாயம். இந்தப் படியைத் தாண்டிச் செல்பவர்கள், பிறகு கலவையில் எது எந்தச் சுவையைத் தருகிறது என்று பிரித்தறிய முடியாமல் தவிக்கிறார்கள். பெரிக்கை மட்டும் சுங்கானின் கிண்ணம் (இலையை நிரப்பும் குழி) நிறையப் புகைக்க வேண்டியதில்லை. இரண்டு மூன்று இழுப்புகளில் அதன் மிளகுக் காட்டமும் உலர்பழ வாடையும் தெரிந்துவிடும். இச்சோதனைக்குச் சோளக்கட்டைச் சுங்கானே நல்லது. பிரையர் மரச் சுங்கான் லட்டாக்கியாவின் வாசத்தையும் வாசனையூட்டிய கலவைகளின் வாசத்தையும் உள்வாங்கிக்கொண்டு, அடுத்து நிரப்பும் எதன் மேலும் அதைப் பூசிவிடும்.

தராசு தேவையா? கைப்பிடி, சிட்டிகை என்று அளந்தால் ஆகாதா?

நானும் முதலில் கண்ணளவில்தான் கலந்தேன். ஒருமுறை மிக நன்றாக அமைந்த ஒரு கலவையை அதன்பின் ஆறு முறை முயன்றும் மீண்டும் செய்ய முடியவில்லை, அன்றைக்கே 0.1 கிராம் காட்டும் மின்னணுத் தராசு வாங்கினேன். நூல்போல் வெட்டிய இலை ஒரு கைப்பிடியும் தடித்த பட்டைகளாக வெட்டிய இலை ஒரு கைப்பிடியும் ஒரே எடை வராது. ஆகவே கனஅளவில் சொல்லப்படும் செய்முறை அந்த வெட்டுக்கு மட்டுமே பொருந்தும்.

ஆனால் தராசும் ஒரு விதத்தில் ஏமாற்றும். அது நீரையும் சேர்த்தே நிறுக்கிறது. நூற்றுக்கு 20 பங்கு நீர் உள்ள வர்ஜீனியா 10 கிராமில் உண்மையான இலை 8 கிராம். 12 பங்கு நீர் உள்ள பர்லி 10 கிராமில் அது 8.8 கிராம். சரிபாதி கலந்ததாக நாம் எழுதி வைப்போம். கலவையிலோ பர்லி நூற்றுக்கு 52-ஐத் தாண்டியிருக்கும். அடுத்த மாதம் அதே வர்ஜீனியா ஜாடியில் உலர்ந்துபோனால் அதே செய்முறை வேறு கலவையைத் தரும். எனவே எல்லா இலைகளையும் ஒரே ஈரத்துக்குக் கொண்டுவந்த பிறகே நிறுக்க வேண்டும்.

ஒரே ஈரத்துக்கு எப்படிக் கொண்டுவருவது? அளக்கக் கருவி இல்லையே.

விரலே கருவி. ஒரு சிட்டிகையை இரு விரல்களுக்கிடையே அழுத்தி விடுங்கள். உருண்டையாக ஒட்டிக்கொண்டால் ஈரம் மிகுதி. நொறுங்கி ஒலித்தால் வறட்சி. மெல்ல விரிந்து பழைய உருவத்துக்குத் திரும்பி, விரலில் ஒட்டாமல் இருந்தால் அதுவே புகைப்பதற்கும் நிறுப்பதற்கும் உரிய நிலை. ஈரமானதைத் தட்டில் பரப்பி அரை மணிக்கு ஒருமுறை தொட்டுப் பார்க்கலாம். வறண்டதன் மேல் நேராகத் தண்ணீர் தெளித்தால் சில இழைகள் ஊறி மற்றவை வறண்டே கிடக்கும். கிண்ணத்தில் பரப்பி, மேலே ஈரத்துணியை இலையில் படாமல் போர்த்தி, இரவு முழுவதும் விடுவது சிறந்தது. ஆப்பிள் துண்டையோ உருளைக்கிழங்குத் துண்டையோ ஜாடியில் போடும் பழக்கத்தைக் கைவிடுங்கள், அது பூஞ்சணத்துக்கு விடுக்கும் அழைப்பு.

இன்னும் துல்லியம் வேண்டுவோர், 62 அல்லது 65 விழுக்காட்டு ஈரப்பதத்தைக் காக்கும் பொட்டலங்களை எல்லா ஜாடிகளிலும் ஒரே எண்ணில் போட்டு இரண்டு வாரம் விட்டுவிடலாம். எல்லா இலையும் ஏறத்தாழ ஒரே நிலைக்கு வந்து சேரும்.

முதல் கலவைக்கு ஒரு நல்ல விகிதம் சொல்லுங்கள்.

ஒரு விகிதத்தைவிட ஒரு வரிசையைச் சொல்கிறேன். மூன்று சிறு ஜாடிகள் எடுத்து, ஒவ்வொன்றிலும் 10 கிராம் கலவை செய்யுங்கள்: முதலாவதில் வர்ஜீனியா 9, பர்லி 1, இரண்டாவதில் 7-க்கு 3, மூன்றாவதில் 5-க்கு 5. ஒரு கிண்ணத்துக்கு 2 முதல் 3 கிராம் பிடிக்கும் என்பதால் ஒவ்வொரு ஜாடியும் மூன்று நான்கு தடவைக்கு வரும். இனிப்பு எங்கே குறைகிறது, புகை எங்கே தடிக்கிறது, எரிதல் எங்கே சீராகிறது என்று பார்த்து உங்களுக்குப் பிடித்ததைத் தேர்ந்துகொண்டு, அதை மாற்றாமல் வைத்து மூன்றாவது இலையைச் சேருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது என்பது சலிப்பூட்டும் விதிதான். ஆனால் இரண்டை மாற்றியவருக்கு எதனால் மாறியது என்று ஒருநாளும் தெரியப்போவதில்லை.

பொறுக்க முடியாதவர்களுக்கு, 10 கிராமுக்கு உரிய மூன்று தொடக்கப் புள்ளிகள். ஆங்கில பாணிக்கு வர்ஜீனியா 5, ஓரியண்டல் 3, லட்டாக்கியா 2. வர்ஜீனியாவும் பெரிக்கும் மட்டும் சேர்ந்த கலவைக்கு 9-க்கு 1. பர்லியை முன்னிறுத்த பர்லி 6, வர்ஜீனியா 3, ஓரியண்டல் 1. இவை நெடுங்காலமாகப் புழங்கும் வடிவங்களின் எளிய உருவங்கள்; யாரும் இவற்றில் மிக மோசமாகத் தவறிவிட மாட்டார்கள்.

கலந்து உடனே புகைத்தேன். ஒரு இழுப்பில் ஒரு இலை, மறு இழுப்பில் இன்னொன்று என்று தனித்தனியாக வருகிறதே?

அப்படித்தான் வரும். கலந்த அன்று அது ஒரே ஜாடியில் குடியேறிய அந்நியர்கள் கூட்டம். ஈரம் ஒரு இழையிலிருந்து மற்றொன்றுக்குப் பரவிச் சமமாவதற்கும், எளிதில் ஆவியாகும் மணப்பொருட்கள் எல்லா இழைகளிலும் படிவதற்கும் நாட்கள் பிடிக்கும். மூடிய ஜாடியில் இரண்டு வாரம் குறைந்தபட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். லட்டாக்கியாவோ பெரிக்கோ இருந்தால் ஒரு மாதம். அந்த இரண்டு இலைகளும் தம் மணத்தைப் பக்கத்திலிருப்பவற்றுக்குத் தாராளமாகக் கொடுப்பவை.

முதல் நாளில் ஒரு கிண்ணம் புகைத்துக் குறிப்பெழுதுவதை நான் தடுக்கவில்லை, முப்பதாம் நாள் குறிப்போடு ஒப்பிட அது உதவும். முதல் நாள் சுவையை வைத்துக் கலவையைத் திருத்தத் தொடங்குவதே தவறு. பெரிக் போதவில்லை என்று மூன்றாம் நாள் மேலும் சேர்த்து, மாதக் கடைசியில் காட்டம் தாங்காமல் ஜாடியை ஒதுக்கி வைத்தவர்கள் என்னையும் சேர்த்துப் பலர்.

லட்டாக்கியா எவ்வளவு வரை போகலாம்?

நூற்றுக்கு 5 பங்கில் அது யாரென்று சொல்லாமல் பின்னால் நிற்கும். 15 முதல் 25 வரை முன்னால் வந்து பேசும். 40-ஐத் தாண்டும்போது மற்றவர் பேச்சு கேட்காது. காரத்தில் அது மென்மையானதுதான்; அதிகம் சேர்த்தால் தலை சுற்றாது, கலவை தட்டையாகிவிடும். இனிப்புக்கு வர்ஜீனியாவும் புளிப்பு கலந்த மணத்துக்கு ஓரியண்டலும் போதுமான அளவு இருந்தால்தான் லட்டாக்கியாவின் புகைவாசம் ஆழமாகத் தோன்றும். லட்டாக்கியா போதவில்லை என்று உங்களுக்குத் தோன்றினால், பல வேளைகளில் ஓரியண்டலே போதாமல் இருக்கும்.

பெரிக் நூற்றுக்கு 2 பங்கு என்கிறார்கள். 10 கிராமில் அதை எப்படி நிறுப்பது?

0.2 கிராம் என்பது சாதாரணத் தராசின் பிழை எல்லைக்குள் அடங்கிவிடும், 0.1 கிராம் தவறினாலும் அளவு பாதியாகவோ ஒன்றரை மடங்காகவோ ஆகிவிடும். இதற்கு ஒரு தாய்க் கலவை செய்துகொள்ளுங்கள். பெரிக் 2 கிராமை நன்றாக உதிர்த்து வர்ஜீனியா 18 கிராமுடன் கலந்து ஒரு மாதம் வைத்தால், அது பெரிக் பத்தில் ஒரு பங்கு உள்ள தனி இலைபோல் ஆகிவிடும். அதிலிருந்து 2 கிராம் எடுத்தால் உள்ளே பெரிக் 0.2 கிராம், வர்ஜீனியா 1.8 கிராம். கணக்கும் எளிது, இழைகள் ஓரிடத்தில் திரண்டு ஒரு இழுப்பில் மட்டும் மிளகாக அடிப்பதும் குறையும். கென்டக்கிக்கும் இதே வழி.

நாக்கு எரிகிறது. என் கலவை தவறா?

பெரும்பாலும் கலவையைக் குற்றம் சொல்லும் முன் ஈரத்தையும் வேகத்தையும் பார்க்க வேண்டும். ஈரமான இலையிலிருந்து எழும் நீராவி நாக்கைச் சுடும். அது அணைந்து அணைந்து போவதால் நாம் வேகமாக இழுப்போம், சூடு இன்னும் ஏறும். மிக வறண்ட இலையும் வேகமாக எரிந்து அதே இடத்துக்குக் கொண்டுவரும். முன்பு சொன்ன விரல் சோதனையில் தேறிய இலையை, கிண்ணம் கையில் பிடிக்க முடியாத அளவு சூடாகாதபடி மெதுவாகப் புகைத்த பிறகும் எரிந்தால்தான் கலவையைத் திறக்க வேண்டும்.

அப்போதும் எரிச்சலின் தன்மை வழிகாட்டும். இலையில் சர்க்கரை மிகுந்த வர்ஜீனியாவின் புகை அமிலத்தன்மை உடையது. பர்லி, சுருட்டு இலை ஆகியவற்றின் புகை காரத்தன்மை உடையது. தமிழில் புகையிலையின் வீரியத்துக்கும் வேதியியல் குணத்துக்கும் காரம் என்ற ஒரே சொல் வழங்குவது இங்கே சற்றுத் தொல்லைதான். நான் இரண்டாவதைச் சொல்கிறேன். நாக்கின் நுனியில் சுட்டதுபோல் இருந்தால் வெளிர் வர்ஜீனியாவைக் குறைத்துச் சிவப்பு வர்ஜீனியாவையோ கொஞ்சம் பர்லியையோ சேர்த்துப் பாருங்கள். அடித்தொண்டையிலும் நாக்கின் பின்பக்கத்திலும் உறுத்தினால் பர்லியைக் குறையுங்கள். கருப்பு கேவண்டிஷ் நூற்றுக்கு 10 பங்கு இருவகை முரட்டுத்தனத்தையும் தணிக்கும், ஆனால் சுவையையும் கொஞ்சம் மழுக்கும்.

ஒரு கிண்ணம் முடிவதற்குள் தலை சுற்றி வாந்தி வருவதுபோல் ஆகிறது. எந்த இலையால்?

அது நிக்கோட்டின். கென்டக்கி, பர்லி, சுருட்டு இலை ஆகியவற்றில் அது அதிகம், ஓரியண்டல், லட்டாக்கியா, கருப்பு கேவண்டிஷ் ஆகியவற்றில் குறைவு, வர்ஜீனியா இடையில். மேலே சொன்ன வேதியியல் குணமும் இங்கே வேலை செய்கிறது. காரத்தன்மை உள்ள புகையிலிருந்து நிக்கோட்டின் வாயின் உட்தோல் வழியாகவே இரத்தத்தில் எளிதாகக் கலக்கிறது. அதனால் புகையை உள்ளிழுக்காதவருக்கும் பர்லியும் சுருட்டு இலையும் தாக்கும். அறிகுறி தெரிந்த உடனே சுங்கானை வைத்துவிடுங்கள். குறைந்த வீரியம் வேண்டுமென்றால் ஓரியண்டலையும் கேவண்டிஷையும் உயர்த்துங்கள். கலக்கும்போது ஈரமான இலையை நெடுநேரம் வெறுங்கையால் அளைந்தாலும் நிக்கோட்டின் தோல் வழியே ஏறும். கையுறை அணிவதும் பின்பு கை கழுவுவதும் நல்லது. குழந்தைகளும் வளர்ப்பு விலங்குகளும் வாயில் போட்டுவிட்டால் ஆபத்து என்பதால் ஜாடிகள் பூட்டிய இடத்தில் இருக்க வேண்டும்.

கலப்படமில்லாத இயற்கை இலை, நானே கலந்தது. அப்படியென்றால் தீங்கு குறைவுதானே?

இல்லை. எரியும் இலையின் புகையே புற்றுநோய் உண்டாக்குகிறது. அதில் என்ன வாசனை சேர்த்தார்கள், யார் கலந்தார்கள் என்பது இரண்டாம் விஷயம். உதடு, வாய், தொண்டை, நுரையீரல் புற்றுநோய்களும் இதய நோயும் சுங்கானோடும் சேர்ந்தே வருகின்றன. நிக்கோட்டின் இதிலும் அடிமைப்படுத்தும். கலவையால் சுவையை மாற்றலாம், இதை மாற்ற முடியாது.

கைவசம் இரண்டு டப்பாக் கலவைகள் இருக்கின்றன. ஒன்று மிகக் காட்டம், இன்னொன்று சப்பை. சேர்க்கலாமா?

தாராளமாக. உண்மையில் பலர் கலக்கத் தொடங்குவதே இப்படித்தான். லட்டாக்கியா 40 பங்கு உள்ள கலவை 10 கிராமுடன் வர்ஜீனியா 10 கிராம் சேர்த்தால் லட்டாக்கியா 20 பங்காகிறது. வர்ஜீனியா 30 கிராம் சேர்த்தால் 10 பங்கு. தயாரிப்பாளர் விகிதத்தை வெளியிடாதபோது, டப்பாவையே ஓர் இலையாகக் கருதி, இந்த டப்பா 6, வர்ஜீனியா 4 என்று எழுதிவைத்தால் போதும். வாசனையூட்டிய கலவையை மட்டும் எதனோடும் சேர்க்கும்முன் இருமுறை யோசியுங்கள். அதன் வாசனை ஜாடி முழுவதையும் எடுத்துக்கொள்ளும், பிறகு பிரிக்க வழியில்லை.

ஒன்று பட்டை வெட்டு, ஒன்று நூல் வெட்டு, இன்னொன்று தகடு. அப்படியே கலக்கலாமா?

கலந்தால் இரண்டு தொல்லைகள். முதலாவது, நூல் வெட்டு வேகமாகப் பற்றித் தடித்த வெட்டைத் தொடாமலே எரிந்து முடியும். இரண்டாவது, ஜாடியை எடுத்து வைக்கும் ஒவ்வொரு முறையும் சிறு துகள்கள் அடியில் இறங்கும். மேலே புகைத்த கலவையும் அடியில் புகைத்ததும் வேறுவேறாக இருக்கும். பெரிக் பொடியாக இருந்தால், ஜாடி காலியாகும் நேரத்தில் இது நன்றாகவே தெரியும்.

தகடாக அழுத்தியதை விரல்களுக்கிடையே தேய்த்து முழுவதும் உதிர்த்துவிடுங்கள். தடித்த பட்டைகளைக் கத்தரியால் ஒருமுறை குறுக்கே வெட்டுங்கள். கட்டியாக வெட்டிய பர்லியை மட்டும் நான் வேண்டுமென்றே சில கலவைகளில் அப்படியே விடுவதுண்டு. அது எரிதலைத் தாமதப்படுத்தி, வேகமாக இழுப்பவரின் கையைக் கொஞ்சம் கட்டிப்போடும்.

வெனிலா, ரம், தேன், பழச்சாறு இதெல்லாம் ஊற்றிப் பார்க்கலாமா?

தொழிற்சாலையில் இரண்டு நிலைகளில் வாசனை சேர்ப்பார்கள். வெட்டுவதற்கு முன், சர்க்கரை, அதிமதுரம், கோகோ முதலியவை கலந்த பாகில் இலையை ஊறவைத்து முரட்டுத்தனத்தை அடக்குவது கேசிங். எல்லாம் முடிந்தபின் மேலே தெளிப்பது டாப்பிங். பர்லியில் தனக்கென்று சர்க்கரை இல்லாததால் பாகை நன்றாக உறிஞ்சிக்கொள்ளும். வாசனைக் கலவைகள் பலவும் அதன்மேல் கட்டப்பட்டிருப்பது அதனால்தான். வீட்டில் நம்மிடம் அந்த அளவுக்கட்டுப்பாடும் உலர்த்தும் இயந்திரமும் இல்லை. தேனும் பழச்சாறும் பூஞ்சணத்துக்கு உணவு. புகைக்கும்போது கிண்ணத்தின் அடியில் பிசினாகத் தேங்கும். எண்ணெய் சார்ந்த வாசனைச் சாறுகளை எரித்துப் புகைப்பது கூடவே கூடாது.

முயன்றே தீர வேண்டுமென்றால் ரம் ஒன்றே ஓரளவு பாதுகாப்பான பாடம். 20 கிராம் பர்லிக்கு அரைத் தேக்கரண்டி அளவைத் தெளிப்பானால் தெளித்து, ஒரு நாள் மூடிவைத்து, பிறகு சாராயம் ஆவியாகும்வரை திறந்து உலர்த்துங்கள். எஞ்சுவது மிக மெல்லிய மணம். டப்பாக் கலவையின் வாசனை வரவில்லையே என்று சிலர் குறைப்படுவார்கள். அந்த அளவு வாசனையை வீட்டில் துரத்துவது வீண் என்றே நான் நினைக்கிறேன்.

அழுத்தி வைத்தால் சுவை கூடுமா? அடுப்பில் வைப்பதும் உண்டாமே?

அழுத்தம் இழைகளை நெருங்கவைத்து, இரண்டு வாரத்தில் நடக்கும் இணக்கத்தை ஆழப்படுத்துகிறது. விரல் சோதனையில் தேறியதைவிடச் சற்றே ஈரமான கலவையை, தடித்த காகிதம் விரித்த ஒரு சிறு மரப் பெட்டியில் அடுக்கி, உள்ளே பொருந்தும் பலகையை வைத்துத் தச்சர் பயன்படுத்தும் இடுக்கியால் இறுக்குங்கள். தினம் அரைச்சுற்று இறுக்கிக்கொண்டே போய் இரண்டு வாரம் கழித்துத் திறந்தால், கத்தியால் வெட்டக்கூடிய கட்டி கிடைக்கும். நான் முதலில் திறந்த கட்டியின் குறுக்குவெட்டில் மஞ்சள், பழுப்பு, கருப்புக் கோடுகள் பாறை அடுக்குகள்போலத் தெரிந்தன. ஓரங்களில் மட்டும் உதிர்ந்தது. அதைப் பிரித்து உலர்த்திப் புகைத்தபோது, அழுத்தாமல் வைத்திருந்த பாதியைவிட இனிப்பும் கனமும் கூடியிருந்தன.

வெப்பம் வர்ஜீனியாவுக்கு மட்டும். வெப்பத்தைத் தாங்கும் கண்ணாடி ஜாடியில் முக்கால் பாகம் நிரப்பி, மூடியை இறுக்காமல், 90 பாகை செல்சியஸில் ஓவன் அடுப்பில் இரண்டு மூன்று மணி நேரம் வைத்து, அந்த அடுப்புக்குள்ளேயே மெல்ல ஆறவிட வேண்டும். இலை கருத்து, எலுமிச்சை மணம் போய், வேகவைத்த உலர்பழ மணம் வரும். மூடியை இறுக்கினால் உள்ளே நீராவி ஏறி ஜாடி வெடிக்கலாம். சூடான ஜாடியை ஈரத் தரையில் வைத்தாலும் விரிசல் விடும். சன்னல்களைத் திறந்து வையுங்கள். வீட்டில் மற்றவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவதும் நலம், அந்த வாசம் இரண்டு நாள் போகாது.

ஜாடியில் வெள்ளையாகப் படிந்திருக்கிறது. முதிர்ச்சியின் அடையாளம் என்கிறார்களே?

பழைய வர்ஜீனியாத் தகடுகளின் மேல் பளபளக்கும் படிகங்கள் தோன்றுவதுண்டு; ஆனால் என்னிடம் கொண்டுவந்து காட்டப்பட்ட வெள்ளைகளில் பெரும்பாலானவை பூஞ்சணமே. உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள். கூர்மையாக மின்னினால் படிகம். மயிர்போல நீண்டோ, பஞ்சுபோல மெத்தென்றோ, பச்சையும் சாம்பலும் கலந்தோ இருந்தால் பூஞ்சணம். மூடிய அறையின் மக்கல் வாடை வந்தாலும் அதுவே. முழு ஜாடியையும் எறிந்துவிடுங்கள். படிந்த இடத்தை மட்டும் கிள்ளி எடுத்துவிட்டு மிச்சத்தைப் புகைக்கலாமா என்று கேட்காதீர்கள். ஜாடியைக் கொதிநீரில் கழுவி முற்றிலும் உலர்த்திய பிறகே மறுபடி பயன்படுத்த வேண்டும்.

ஒரு கலவையை எத்தனை ஆண்டு வைத்திருக்கலாம்?

காற்றுப் புகாத கண்ணாடி ஜாடியில், வெளிச்சம் படாமல் வைத்தால் பல ஆண்டுகள். ஆனால் எல்லா இலையும் ஒரே திசையில் முதிர்வதில்லை. வர்ஜீனியா தன் சர்க்கரையால் மெல்லப் புளித்து ஐந்தாண்டுகளில் வேறு இலையாகவே மாறுகிறது. பெரிக் அதோடு நன்றாக இணைகிறது. பர்லி அவ்வளவாக மாறாது. லட்டாக்கியா ஆண்டுக்காண்டு மங்கும். எனவே இன்று 20 பங்கு லட்டாக்கியா சரியாக இருக்கும் கலவையை நெடுநாள் வைக்க எண்ணினால் அதை 25-ஆக உயர்த்தி வைப்பது என் வழக்கம். ஜாடியை அடிக்கடி திறந்து முகர்ந்தால் முதிர்ச்சி கெடும்; சோதிப்பதற்கென்று சிறு ஜாடி ஒன்றைத் தனியாக வையுங்கள்.

எனக்குப் பிடித்த டப்பாக் கலவை நிறுத்தப்பட்டுவிட்டது. அதை அப்படியே செய்ய முடியுமா?

அப்படியே முடியாது, பக்கத்தில் போகலாம். டப்பாவின் மேல் எந்தெந்த இலை என்று எழுதியிருப்பதை நம்பலாம், எவ்வளவு என்பது அதில் இருக்காது. மிச்சமிருக்கும் கலவையில் 5 கிராமை வெள்ளைத் தாளில் பரப்பி, இடுக்கியால் நிறம் பிரித்து நிறுத்துப் பாருங்கள். கருமையானவை லட்டாக்கியாவாகவோ கேவண்டிஷாகவோ பெரிக்காகவோ இருக்கலாம். ஒவ்வொன்றையும் தனியாக முகர்ந்தால் லட்டாக்கியா உடனே காட்டிக்கொடுத்துவிடும். இதில் கிடைக்கும் தோராயத்தை முதல் ஜாடியாக வைத்து, ஒரு கூறை மட்டும் கூட்டியும் குறைத்தும் இருபுறமும் இரண்டு ஜாடிகள் செய்யுங்கள்.

எட்டாமல் நிற்பவை மூன்று: அவர்கள் ஊற்றிய கேசிங், அழுத்திச் சூடேற்றிய முறை, அந்த ஆண்டு அறுவடையின் இலை. உங்கள் நினைவிலிருக்கும் சுவை பத்தாண்டு முதிர்ந்த டப்பாவினுடையது என்றால், புதிதாகக் கலந்த ஜாடியோடு அதை ஒப்பிடுவதே நியாயமல்ல.

10 கிராமில் அருமையாக இருந்தது. அதே விகிதத்தில் அரைக் கிலோ கலந்தேன், அது இல்லை.

மூன்று காரணங்களைத் தேடுங்கள். புதிதாக வாங்கிய இலை முந்தைய இலையின் ஈரத்தில் இல்லாமல் இருக்கலாம். தராசைப் பற்றிய பதிலில் சொன்ன கணக்கு இங்கேதான் கடிக்கும். சிறு அளவில் செய்த பிழை விகிதமாகவே பதிந்திருக்கலாம், 0.5 கிராம் என்று எழுதியது உண்மையில் 0.6 ஆக இருந்திருக்கலாம். அல்லது சரியாகக் கலக்காமல் இருக்கலாம். பெரிய அளவைக் கிண்ணத்தில் கிளறுவதற்குப் பதிலாக அகன்ற தாளில் ஒவ்வோர் இலையையும் மெல்லிய அடுக்காகப் பரப்பி, ஓரங்களைத் தூக்கி நடுவில் குவித்து, குவியலை நான்காகப் பிரித்து எதிரெதிர்ப் பகுதிகளைச் சேர்த்து மறுபடி பரப்புங்கள். நான்கு சுற்றில் சீராகிவிடும். 10-லிருந்து நேரே 500-க்குப் போகாமல் இடையில் 100 கிராம் செய்து ஒரு மாதம் புகைத்துப் பார்ப்பது பல கிலோக்களைக் காக்கும்.

நன்றாக வந்ததை நண்பர்களுக்கு விற்கலாமா?

புகையிலைக்குப் பெரும்பாலான நாடுகளில் தனி வரியும் உரிமமும் உண்டு. உரிமமில்லாமல் விற்பது குற்றமாகக்கூடும். இலவசமாகக் கொடுப்பதற்கும் சில இடங்களில் கட்டுப்பாடு இருப்பதால் உங்கள் நாட்டின் விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். வயது வராதவருக்கு எந்த நிலையிலும் கொடுக்கக் கூடாது.

வீணாய்ப்போன கலவைகள் சேர்ந்துகொண்டே போகின்றன. என்ன செய்வது?

பூஞ்சணம் பிடித்ததையும் வாசனை தவறியதையும் எறியுங்கள். மற்றவற்றில் பெரும்பாலானவை ஏதோ ஒன்று மிஞ்சியவைதான். முன்பு சொன்ன தாய்க் கலவையாக அவற்றைப் பயன்படுத்தலாம். பெரிக் மிஞ்சியது பெரிக் தாய், லட்டாக்கியா மிஞ்சியது லட்டாக்கியா தாய். ஜாடியின் மேல் உள்ளே என்ன, எத்தனை கிராம், எந்தத் தேதி என்று எழுதி ஒட்டியிருந்தால்தான் இது நடக்கும். என் அலமாரியில் எதுவும் எழுதாமல் விட்ட ஜாடிகள் மூன்று இருந்தன. அவற்றை ஒன்றாகக் கொட்டி, பாதி அளவு வர்ஜீனியா சேர்த்து ஓராண்டு மூடிவைத்தேன். நன்றாகவே வந்தது, ஆனால் அதை மறுபடி செய்யும் வழி என்னிடம் இல்லை.